அம்மா பேசிய அரை மணி நேரம்

அன்புள்ள பாப்பாவுக்கு,

தாலி கட்டுவதற்கு முன்னால் மண்டபத்தில் அம்மாவின் குரலை ஒலிக்கவிட வேண்டும், அந்தப் பதிவை அனுப்பி வையுங்கள் என்று நீ கேட்டு இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. மலையில் லைன் சரியில்லை, பெரிய கோப்பு, போக மாட்டேன் என்கிறது என்று ஒரு முறை சொன்னேன். யாரிடமாவது கொடுத்தனுப்புகிறேன் என்று இன்னொரு முறை சொன்னேன். இரண்டும் பொய். அனுப்ப என்னிடம் எதுவும் இல்லை. பத்திரமாக இருக்கிறது என்று நான்கு வருடமாக உன்னிடம் சொல்லிவந்த அந்தப் பதிவில், அம்மா பேசுவது யார் காதுக்கும் விளங்காது. போனில் சொல்லிவிடலாம் என்று மூன்று நாள் முயன்றேன். நீ மணவறைக்கு என்ன பூ வைப்பது என்று பேச ஆரம்பித்ததும் எனக்கு வாய் வரவில்லை. அதனால் எழுதுகிறேன். முழுவதும் படித்துவிடு. அப்புறம் என்னை என்ன சொன்னாலும் கேட்டுக்கொள்கிறேன்.

எங்கிருந்து தொடங்குவது என்று தெரியாததால் மைக்கிலிருந்தே தொடங்குகிறேன். உனக்கு அப்போது எட்டு வயது. நான் தேயிலை ஃபேக்டரியில் வயர்மேனாகச் சேர்ந்து பதினைந்து வருடம் ஓடியிருந்தது. கொழுந்தை வாட்டும் விசிறிகளும் உருட்டும் மெஷின்களும் போடுகிற இரைச்சலுக்குள்ளேயே பகல் முழுவதும் இருப்பேன். வீட்டுக்கு வந்தாலும் அது காதை விட்டுப் போகாது. ஒரு நாள் காலை பத்து மணி வாக்கில் கரண்ட் போனது. ஜெனரேட்டரும் எடுக்கவில்லை. மெஷின்கள் ஒன்றன்பின் ஒன்றாக அடங்கியதும் வெளியே வந்து நின்றேன். தேயிலைச் சரிவுக்கு மேலே காட்டுக்குள்ளிருந்து, ஒரு கூட்டமே கூடிச் சிரிப்பது போல ஒரு கூவல் எழுந்து மலை முழுவதும் பரவியது. பேக்கிங் பகுதியில் வேலை செய்துகொண்டிருந்த அம்மாவும் வெளியே வந்தாள். “என்ன சத்தம் அது?” என்று கேட்டேன். “சியாமாங் கொரங்குங்க. தெனமும் இந்நேரத்துக்குக் கத்துது. ஒங்களுக்குத்தான் கேக்கல,” என்றாள். பதினைந்து வருடம் எதையெல்லாம் கேட்காமல் விட்டேனோ என்று அன்றைக்குப் பிடித்ததுதான் இப்படிச் சத்தங்களைப் பதிவு செய்கிற ஆசை. அவளே சொல்லிக் கொடுத்த ஆசை என்றுகூடச் சொல்லலாம்.

கோயில் மைக்குகளைப் பழுது பார்த்த பழக்கம் எனக்கு இருந்தது. ஆனால் கோயில் மைக் வாய்க்குப் பக்கத்தில் வைத்தால்தான் பேசும். காட்டையும் மழையையும் கேட்க வேறு மாதிரி வேண்டும். ஒலியை வாங்குகிற, சட்டைப் பொத்தான் அளவுள்ள மைக் காப்சூல்களைத் தபாலில் வரவழைத்தேன். ரிங்லெட்டில் ஒரு ஹார்ட்வேர் கடையில் தண்ணீர்க் குழாய் வாங்கி, துண்டு போட்டு, அதற்குள் காப்சூலைப் பொருத்தி, கம்பிகளை ஈயம் வைத்துப் பற்றவைத்தேன். இரண்டு டீ வடிகட்டிகளை எதிரெதிரே சேர்த்துக் கட்டினால் மைக்குக்கு ஒரு கூண்டு கிடைத்தது. அதற்கு மேல் காற்றைத் தடுக்கப் புசுபுசுவென்று ஒரு துணி வேண்டும். பசாரில் உனக்கு வாங்கித் தந்த ஸ்ட்ராபெரி தலையணை ஞாபகம் இருக்கிறதா? நீ பள்ளிக்கூடம் போயிருந்த நேரம் அதன் முதுகை அறுத்து எடுத்துவிட்டேன். நீ வந்து அழுத அழுகையில் பக்கத்து வீட்டுக்காரர்கள் எட்டிப் பார்த்தார்கள். அம்மா தன் பழைய ஸ்வெட்டரை வெட்டித் தலையணைக்கு முதுகு தைத்துக் கொடுத்தாள். நானோ அந்த நேரம் பின்பக்கம் நின்று, காற்று வீசும்போது மைக் இரைகிறதா என்று ஹெட்போனில் கேட்டுக்கொண்டிருந்தேன்.

நம் ஊரில் மைக்குக்குப் பெரிய எதிரி மூடுபனிதான். உள்ளே ஈரம் ஏறினால் கடுகு வெடிப்பது போலப் படபடவென்று சத்தம் போட ஆரம்பித்துவிடும். பற்றவைத்த இடங்களில் நகப்பூச்சைத் தடவி நன்றாகக் காயவிட்டால் ஈரம் ஏறாது. உன் நகப்பூச்சுப் புட்டிகள் காணாமல் போன மாயம் அதுதான். ஏழெட்டு மைக் கெட்ட பிறகு கற்றுக்கொண்ட பாடம் இது. இதை இங்கே எழுதக் காரணம் உண்டு.

வீட்டுக்குப் பின்னால் கம்பம் நட்டு மைக்கைக் கட்டி, வயரை அடுப்படி ஜன்னல் வழியாக உள்ளே கொண்டுவந்திருந்தேன். நான் பதிவு செய்கிற நேரமெல்லாம் வீட்டில் யாரும் பேசக் கூடாது. ஒரு நாள் அம்மா தாளிக்கப் போன நேரத்தில் கையைக் காட்டி நிறுத்தினேன். எண்ணெய்ச் சட்டியை இறக்கி வைத்துவிட்டு, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அரை மணி நேரம் உட்கார்ந்திருந்தாள். நீ கணக்குப் பாடத்தில் சந்தேகம் கேட்க வந்தால் உன்னையும் சைகையால் விரட்டினேன். அதையும் மீறி யாருடைய குரலாவது விழுந்துவிட்டால், பிற்பாடு கம்ப்யூட்டரில் அந்த இடத்தை மட்டும் வெட்டி எறிந்துவிடுவேன். மழை, குருவி, தவளை, சியாமாங் என்று வருடக்கணக்கில் சேர்த்து வைத்தேன். மனிதக் குரல் ஒன்றுகூட இல்லாத சுத்தமான பதிவுகள் என்று பெருமைப்பட்டேன்.

அந்த வெட்டி எறிந்த துண்டுகளில்தான் அம்மாவின் நோயும் இருந்தது. நீ ஜொகூருக்கு வேலைக்குப் போன வருடம் அது. பதிவுகளில் ஒரு இருமல் விழ ஆரம்பித்தது. முதலில் எப்போதாவது, பிறகு அடிக்கடி. குரலும் கரகரத்தது. ஹெட்போனில் கேட்கிறவனுக்கு அது மற்றவர்களுக்கு முன்னாலேயே தெரியும், எனக்கும் தெரிந்தது. எனக்கு வந்தது கவலை இல்லை, எரிச்சல். “கொஞ்ச நேரம் இருமாம இருக்க மாட்டியா?” என்று ஒரு நாள் கத்தினேன். “வேணும்னா இருமுறேன்?” என்றாள். அதன்பின் நான் மைக்கை எடுத்தாலே வீட்டை விட்டு இறங்கி, லைன் வீடுகளுக்குக் கீழே தண்ணீர்த் தொட்டி வரை போய்விடுவாள். எட்டு மாதம் கழித்து ஈப்போ மருத்துவமனையில், “எவ்வளவு நாளாக இந்தக் கரகரப்பு?” என்று டாக்டர் கேட்டார். அம்மா, “ரெண்டு மாசம் இருக்கும் டாக்டர்,” என்றாள். எந்த நாளில் தொடங்கியது என்று என் பதிவுகளின் தேதியைப் பார்த்தே நான் சொல்லியிருக்கலாம்.

குரல்வளையில் புற்று. அறுத்து எடுத்தால் உயிர் பிழைக்க வாய்ப்புண்டு, ஆனால் பேச்சு போய்விடும் என்றார்கள். மூன்று வாரம் கழித்து ஆபரேஷனுக்கு நாள் குறித்தார்கள். நீ அன்றே போன் செய்தாய். “அப்பா, அம்மாவப் பேச வச்சு இப்பவே போன்ல எடுத்துருங்கப்பா. அது போதும்,” என்றாய். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “போன்ல எடுத்தா தகரத்துக்குள்ள பேசுற மாதிரி இருக்கும் பாப்பா. அப்பா எதுக்கு இருக்கேன்? அம்மாவுக்குன்னே ஒண்ணு செய்யிறேன் லா.” நீயும் நம்பினாய். உன் அப்பன் பதினைந்து வருடமாக மைக் செய்கிறவன், அவனை நம்பாமல் யாரை நம்புவாய்?

செய்தேன் பாப்பா. புதிய காப்சூல் இரண்டு வரவழைத்தேன். பார்சல் வர ஒன்பது நாள். முதலில் செய்ததில் மெல்லிய இரைச்சல் இருந்தது. பிரித்துவிட்டு மறுபடி செய்தேன். இதற்குள் அம்மாவின் குரல் நாளுக்கு நாள் தேய்ந்துகொண்டு வந்தது. “என்னங்க, இன்னும் முடியலையா? அப்புறம் பேச ஒண்ணும் இருக்காது,” என்று சிரித்தாள். மருத்துவமனைக்குக் கிளம்ப வேண்டிய நாளுக்கு முந்தின ஞாயிற்றுக்கிழமைதான் முடிந்தது. காலையில் பின்பக்கம் கட்டி வைத்துச் சோதித்துப் பார்த்தேன். அவ்வளவு தெளிவாக ஒரு மைக்கை நான் செய்ததே இல்லை. அந்தச் சந்தோஷத்தில் மத்தியானம் வரை பனியிலேயே விட்டுவிட்டேன். நகப்பூச்சு தடவவில்லை. தடவினால் காய நேரமாகும், இன்றைக்கு ஒரு நாள்தானே என்று நினைத்தேன்.

வீட்டுக்குள் பக்கத்து வீட்டு டிவி சத்தம் விழும் என்று அவளை வெளியே அழைத்துப் போய், தேயிலைச் செடிகளின் ஓரத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். ஸ்வெட்டருக்கு மேல் துண்டைச் சுற்றிக்கொண்டாள். நான் ஹெட்போனைக் காதில் மாட்டினேன். அவள் கையை நீட்டி அதை எடுக்கச் சொன்னாள். “இன்னைக்காச்சும் அதக் கழட்டிட்டு என் மூஞ்சியப் பாருங்க.” கழற்றிவிட்டேன். ஆனால் முகத்தைச் சரியாகப் பார்க்கவில்லை. பதிவுக் கருவியின் திரையில் பச்சைக் கோடுகள் ஏறி இறங்குகின்றனவா என்று பார்த்துக்கொண்டிருந்தேன். ஏறி இறங்கின. பதிவாகிறது என்று நம்பினேன். அவள் சொன்னபடி ஹெட்போனைக் கழற்றிவிட்டதால் மைக் கெட்டுவிட்டது காதில் விழவில்லை. திரையையே பார்த்துக்கொண்டிருந்ததால் அவள் பேசியதும் சரியாக மனதில் விழவில்லை. இரண்டில் ஒன்றையாவது நான் ஒழுங்காகச் செய்திருக்கலாம்.

அவளை ஆபரேஷன் அறைக்குள் கொண்டுபோன பிறகு, வெளியே பெஞ்சில் உட்கார்ந்து முதல் முறையாகக் கேட்டேன். தொடக்கத்திலிருந்து கடைசி வரை படபடப்பு. எண்ணெய்ச் சட்டியில் கடுகு வெடித்துக்கொண்டே இருப்பது போல. அடியில் எங்கோ ஒரு பெண் பேசுகிறாள் என்று தெரிகிறது. யார், என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. எழுந்து ஓடி, நிறுத்துங்கள், அவள் இன்னும் ஐந்து நிமிடம் பேசட்டும் என்று கதவைத் தட்டலாமா என்று நினைத்தேன். கதவுக்கு மேல் விளக்கு எரிந்துகொண்டிருந்தது. உட்கார்ந்துவிட்டேன்.

நான்கு நாள் கழித்து அம்மா நோட்டுப் புத்தகத்தில் எனக்கு எழுதிக் காட்டிய முதல் வரி, ‘பதிவு நல்லா வந்திருக்கா?’ தலையாட்டினேன். அவள் முகம் மலர்ந்ததைப் பார்த்த பிறகு மாற்றிச் சொல்ல எனக்குத் தைரியம் வரவில்லை. அன்று மாலையே நீ கேட்டாய். உன்னிடமும் அதையே சொன்னேன். ‘பாப்பா கல்யாணத்துல போட்டுக் காட்டுங்க’ என்று அவள் எழுதியதும், அதை நீ படம் பிடித்து வைத்துக்கொண்டதும் உனக்குத் தெரியும். பதினோரு மாதம் பேச்சில்லாமல் இருந்துவிட்டுப் போனாள். தன் குரல் எங்கோ பத்திரமாக இருக்கிறது என்ற நினைப்போடு போனாள். அது அவளுக்கு நான் செய்த நன்மையா, கடைசித் துரோகமா என்று இன்றுவரை எனக்குத் தீரவில்லை.

இதைவிடப் பெரியதை இனிதான் சொல்ல வேண்டும். அம்மா போன மறுவருடம் நீ லீவில் வந்திருந்தாய். என் மோட்டாரில் பின்னால் உட்கார்ந்து கம்போங் ராஜாவுக்கு வந்துகொண்டிருந்தபோது, கோலா தெர்லாவில் உன் கைப்பேசி கை நழுவி ரோட்டில் விழுந்தது. பின்னால் வந்த காய்கறி லோரி அதன் மேல் ஏறிப் போய்விட்டது. அம்மா உனக்கு அனுப்பிய குரல் செய்திகள் எல்லாம் அதில்தான் இருந்தன. கம்போங் ராஜாவில் போன் பழுது பார்க்கிற கடைக்காரர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, கோலாலம்பூருக்கு அனுப்பினால் உள்ளே இருப்பதை எடுக்க வாய்ப்பிருக்கிறது, ஆனால் உறுதியில்லை, நாளாகும் என்றார். நீ கொஞ்சம் யோசித்தாய். பிறகு, “வேணாம் அங்கிள்,” என்றுவிட்டு என் பக்கம் திரும்பி, “பரவால்லப்பா. ஒங்க கிட்டத்தான் அம்மா பேசினது நல்லா இருக்குல்ல,” என்றாய். நான் உன் பக்கத்தில் ஒரு முழம் தள்ளி நின்றேன். அனுப்பு பாப்பா என்று இரண்டு வார்த்தை போதும். சொன்னால் ஏன் என்று கேட்பாய். அந்த ‘ஏன்’ வந்துவிடுமே என்று பயந்து நின்றேன். கடைக்காரர் உடைந்த போனைக் குப்பைத் தொட்டியில் போட்டார். நாம் பக்கத்துக் கடையில் மீ கோரெங் சாப்பிட்டோம்.

அதன் பிறகு சும்மா இருக்கவில்லை. இரைச்சலை நீக்குகிற மென்பொருள் எத்தனை உண்டோ அத்தனையும் போட்டுப் பார்த்தேன். கடுகு வெடிப்பது குறைந்தால் அவளும் சேர்ந்து குறைகிறாள். பழைய பதிவுகளை ஒன்றுவிடாமல் கேட்டேன். எங்காவது வெட்டாமல் விட்டிருப்பேனா என்று தேடினேன். விட்டதில்லை, என் வேலை அவ்வளவு சுத்தம். ஒரே ஒரு மழைப் பதிவில் மட்டும் தூரத்தில் அவள் இருமுவது இரண்டு தடவை கேட்கிறது. பேச்சு இல்லை. இருமல் மட்டும்.

போன ஞாயிறு இன்னொரு ஈனக் காரியமும் செய்யப் போனேன். ரிங்லெட்டில் இருக்கிற உன் சின்னம்மாவின் குரலும் அம்மாவின் குரலும் ஒன்று போலவே இருக்கும் என்பது உனக்குத் தெரியும். மைக்கை எடுத்துக்கொண்டு போய் எல்லாவற்றையும் சொன்னேன். அம்மா பேசியது போல அவளைப் பேசச் சொன்னேன். தங்கை இல்லையா, அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். பத்து நிமிடம் பேசினாள். கேட்டுப் பார்த்தோம். ஒரு இரைச்சல் இல்லை. “பாப்பா” என்று கூப்பிட்ட இடத்தில் எனக்கே உடம்பு சிலிர்த்தது. சின்னம்மா என் கையிலிருந்து கருவியை வாங்கிக்கொண்டாள். “அத்தான், அவ கண்டுபிடிச்சிருவாளோன்னு எனக்குப் பயமில்ல. கண்டுபிடிக்காம அழுவாளே, அதத்தான் என்னால தாங்க முடியாது. அழிச்சிருங்க,” என்றாள். அவள் முன்னாலேயே அழித்தேன். திரும்பி வருகிற பஸ்ஸில்தான் உனக்கு எழுதிவிட வேண்டும் என்று முடிவு செய்தேன்.

கல்யாணப் பெண்ணுக்கு அப்பா நாலு புத்தி சொல்ல வேண்டும் என்பார்கள். சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை. பட்டவன் என்ற முறையில் ஒன்றிரண்டு மட்டும். அருமையாகச் செய்கிறேன் என்று யாராவது நாளைத் தள்ளினால் விடாதே. அரைகுறையாக இருந்தாலும் அன்றைக்கே செய்யச் சொல். அது மாப்பிள்ளையாக இருந்தாலும் சரி, நீயாக இருந்தாலும் சரி. வீட்டில் ஒருவர் இருமினால், முதலில் அவர் முகத்தைப் பார். இன்னொருவர் சந்தோஷத்துக்காகச் சொன்னேன் என்று ஒரு பொய்யை உள்ளே விடாதே. அது தன் சோற்றுக்கு உன்னிடம் உள்ளதையெல்லாம் கேட்கும். எனக்கு நடந்தது அதுதான். இதையெல்லாம் எழுதினால் மனசு லேசாகும் என்று நினைத்தேன். ஆகவில்லை. உன் மனசில் ஒரு பாரத்தை ஏற்றியதுதான் மிச்சம் என்று தெரிகிறது. கல்யாணத்துக்கு நான் வர வேண்டாம் என்று நீ நினைத்தால், சின்னம்மாவிடம் ஒரு வார்த்தை சொல்லிவிடு. கன்னிகாதானத்துக்குச் சித்தப்பா நிற்பார். உன்னைக் குறை சொல்ல மாட்டேன்.

இனி உனக்குத் தர என்னிடம் இருப்பது, அந்த அரை மணி நேரத்தில் என் மனதில் தங்கியவை மட்டும்தான். “பாப்பா, அம்மா பேசுறேன்,” என்று ஆரம்பித்தாள். உடனே, “அம்மா பேசுறேன்னு அவளுக்குத் தெரியாதாக்கும்,” என்று தனக்குத்தானே சிரித்துக்கொண்டாள். நீ பிறந்த அன்றைக்குத் தாப்பா ரோட்டில் மரம் விழுந்து எஸ்டேட் ஜீப் நின்றுவிட்டதையும், வலி தாங்காமல் டிரைவரின் சட்டைக் காலரைப் பிடித்துக் கிழித்ததையும் சொன்னாள். பீரோவில் மேல் தட்டில் இருக்கிற பச்சைப் பட்டு சின்னம்மாவுக்கு, அதற்குச் சண்டை போடாதே என்றாள். கோபம் வந்தால் பட்டினி கிடக்காதே, சாப்பிட்டுவிட்டுக் கோபப்படு என்றாள். அப்பாவைத் தனியாக விட்டுவிடாதே, ஆனால் அவர் சொல்வதையெல்லாம் நம்பாதே என்று சொல்லி என்னைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினாள். பிறகு சிரிப்பை நிறுத்தி, முன்னால் குனிந்து, உன் முழுப் பெயரைச் சொல்லி மிக மெதுவாகப் பேச ஆரம்பித்தாள். அந்த நேரம் பார்த்துத் திரையில் கோடு, சத்தம் அளவு மீறினால் மட்டும் வருகிற சிவப்பைத் தொட்டது. இவ்வளவு மெதுவாகப் பேசும்போது சிவப்பு ஏன் வருகிறது என்றுகூட எனக்குத் தோன்றவில்லை. குனிந்து குமிழைத் திருகிக் குறைத்தேன், மறுபடி ஏற்றினேன், மறுபடி குறைத்தேன். நிமிர்ந்தபோது அவள் பேசி முடித்துவிட்டுத் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தாள்.

“எல்லாம் வந்துடுச்சா?” என்று கேட்டாள்.

“வந்துடுச்சு,” என்றேன்.

அப்பா